முதியோர் மருந்துச் செலவும் நம் சங்கங்களும்

நம் சங்கங்களின் மகாசபைகளில் முதிய அங்கத்தினர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்பி வருகிறார்கள். “காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறார்கள், ஐந்து லட்ச ரூபாய் வரை செல்லும் என்கிறார்கள், ஆனால் மாதந்தோறும் டாக்டருக்கும் மருந்துக் கடைக்கும் நாங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு காசு கூட அதிலிருந்து வரக் காணோமே, இது என்ன நியாயம்?” என்பதே அக்கேள்வி. தாமிரபரணிக் கரையில் குழித்தறியில் நாற்பது ஆண்டு உட்கார்ந்து எழுந்தவரும் இதனைக் கேட்கிறார். திசையன்விளைத் தேரி மண்ணில் பனையும் முருங்கையும் வளர்த்து ஓய்ந்தவரும் இதனையே கேட்கிறார். தொழில் வேறாயினும் முதுமை ஒன்றே அன்றோ!

இக்கேள்விக்கு மழுப்பாமல் விடை கூறிவிடலாம். அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தவர்க்கு உரியது. நடந்து சென்று டாக்டரைப் பார்த்து, மருந்துச் சீட்டு எழுதி வாங்கி, மாத்திரையோடு வீடு திரும்புகிறவர்க்கு உரியதன்று. முன்னவர் உள்நோயாளி, பின்னவர் புறநோயாளி. தமிழ்நாட்டில் 2012 ஜனவரியில் தொடங்கப்பெற்ற முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும், மத்திய அரசாங்கம் 2018 செப்டம்பர் 23 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டமும் நம் மாநிலத்தில் இணைத்து நடத்தப்பெற்றவை. இரண்டும் உள்நோயாளிக்கென்றே வகுக்கப்பட்டவை. எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன அனைவர்க்கும் வருமான வரம்பு பாராமல் ஐந்து லட்சம் வரை காப்பீடு என்று 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசாங்கம் தொடங்கி வைத்த ஏற்பாடும் இவ்வகையினதே. முதியவர்க்கென்று தனியே அட்டை வந்தது. ஆனால் முதியவரின் மாதாந்தரச் செலவு அந்த அட்டைக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

இதில் சில நுணுக்கங்கள் உண்டு. அவற்றை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். இரவு தங்காமல் சில மணி நேரத்தில் முடியும் சிகிச்சைகள் எல்லாம் புறநோயாளிச் சிகிச்சை ஆகிவிடா. சிறுநீரகம் பழுதானவர்க்குச் செய்யும் டயாலிஸிஸ், புற்று நோய்க்கு மருந்தேற்றுதல் போன்றவை படுக்கையில் தங்காவிடினும் திட்டத்திற்குள் வருகின்றன. ஆயுஷ்மான் பாரத் விதிகளின்படி, ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களில் செய்த பரிசோதனையும், வெளிவந்த பின் பதினைந்து நாட்களுக்கான மருந்தும் அந்தச் சிகிச்சைக் கட்டணத்திலேயே அடங்கும். வீடு திரும்பும்போது “மருந்தை வெளியே வாங்கிக் கொள்ளுங்கள்” என்று எவரேனும் சொன்னால், அங்கத்தினர் இதனை எடுத்துக் காட்டிக் கேட்கலாம். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

மற்றொன்று. “ஒரு நாள் சேர்ந்து படுத்துவிட்டால் பரிசோதனையெல்லாம் அட்டையிலேயே நடந்துவிடும்” என்று சிலர் யோசனை சொல்லக் கேட்கிறோம். இது பிழையான யோசனை. பரிசோதனைக்காக மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்வதற்குப் பணம் தருவதில்லை என்பது காப்பீட்டுப் பத்திரங்களில் வழக்கமாகக் காணும் விலக்கு. அது நிராகரிக்கப்பட்டால் முழுத் தொகையும் குடும்பத்தின் தலையில் விழும். அன்றியும், நோயில்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்த முதியவர் நோயோடு திரும்புவதும் உண்டு.

இனி, புறநோயாளிச் செலவு என்பது எத்தகையது என்று பார்ப்போம். இளைஞனுக்கு நோய் வந்தால் அது விருந்தாளி. நான்கு நாள் இருந்து போய்விடும். முதியவர்க்கு வரும் நோய் குடியேறிவிடுகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஒரு முறை வந்தால் வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டும். நெசவாளர்க்குக் கண்ணும், இடுப்பும், முழங்காலும் முதலில் தளர்கின்றன. பனையேறியவர்க்குத் தோளும் முதுகும் தேய்கின்றன. இவை எவற்றுக்கும் பெரும்பாலும் படுக்கை வேண்டா. ஆனால் மாதா மாதம் பணம் வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தனியார் டாக்டருக்கு ரூ. 200, இரத்தப் பரிசோதனைக்கு ரூ. 150, மாத்திரைக்கு ரூ. 600 என்று வைத்துக் கொண்டால் மாதம் ரூ. 950 ஆயிற்று. இருதயத்திற்கோ கண்ணிற்கோ சிறப்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமாயின் திசையன்விளையிலிருந்து திருநெல்வேலிக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் ஏற வேண்டும். முதியவர் தனியே போக இயலாது. மகனோ மருமகளோ உடன் செல்ல வேண்டும். அன்று தறி நிற்கும். அல்லது தோட்டத்திற்குத் தண்ணீர் பாயாது. இருவர்க்குப் பஸ் கட்டணம், நடுவில் ஒரு வேளைச் சாப்பாடு, இழந்த கூலி ஆகிய இவற்றை எந்த ரசீதும் காட்டுவதில்லை. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 2023 இல்தான் ஆயிரம் ரூபாயிலிருந்து மாதம் ரூ. 1,200 ஆக உயர்த்தப்பட்டது. நம் உதாரணத்தின்படி அந்த உயர்ந்த தொகையிலும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு மருந்துக்கே போய்விடும். சோற்றுக்கு மகனிடம் கை நீட்ட வேண்டும். மானமுள்ள முதியவர் என்ன செய்கிறார்? மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குகிறார். அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக் கொள்கிறார். அழுத்தம் ஏறுகிறது; பக்கவாதம் வருகிறது; அப்போது அட்டை வேலை செய்யத் தொடங்குகிறது! இந்த ஒழுங்கு தலைகீழானது என்று நாம் கருதுகிறோம்.

நம் நெசவாளர்க்கு இந்நிலை என்றும் இருந்ததில்லை என்பதை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். இளைய அங்கத்தினர் பலர்க்கு இது தெரிந்திராது, மூத்தவர்களுங்கூட மறந்திருக்கலாம். மத்திய அரசாங்கத்தின் ஜவுளி அமைச்சகம் கைத்தறி நெசவாளர்க்கென்று 2005 இல் ஒரு சுகாதாரக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. ஐ.சி.ஐ.சி.ஐ. லொம்பார்டு நிறுவனத்தின் வாயிலாக அது நடைபெற்றது. நெசவாளர், அவர் துணைவி அல்லது கணவர், இரு குழந்தைகள் ஆகியோர்க்கு ஆண்டொன்றுக்கு மொத்தம் ரூ. 15,000 வரம்பு. தொகை சிறிதுதான். ஆனால் அதன் பகுப்பைக் கவனியுங்கள்: அந்தப் பதினையாயிரத்தில் சரிபாதியாகிய ரூ. 7,500 வரை புறநோயாளிச் செலவுக்குப் பெறலாம். பல் வைத்தியத்திற்கு ரூ. 250, கண் சிகிச்சைக்கு ரூ. 75, மூக்குக் கண்ணாடிக்கு ரூ. 250, சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஓமியோபதி முதலிய முறைகளுக்கு ரூ. 4,000, வீட்டிலிருந்தே பெறும் சிகிச்சைக்கு ரூ. 4,000. திட்டத்தில் சேருமுன்பே இருந்த நோய்க்கும் இடமுண்டு. எண்பது வயது வரை சேரலாம். பிரீமியத்தின் பெரும் பகுதியை அரசாங்கமே ஏற்றுக் கொண்டது.

இருநூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு மூக்குக் கண்ணாடி என்பதைப் படித்துச் சிரிக்க வேண்டா. நூலிழை அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியாத நெசவாளர் வேலை இழந்தவரே. அக்கண்ணாடியைத் திட்டத்தில் எழுதியவர் எவராயினும், அவர் தறியருகே நின்று பார்த்தவராக இருக்க வேண்டும்.

பின்னர், இத்திட்டம் ராஷ்ட்ரீய சுவாஸ்திய பீமா யோஜனா என்னும் பொதுத் திட்டத்தின் வழியே நடத்தப்படும்படி மாற்றி அமைக்கப்பட்டது. அப்போதும் நெசவாளர்க்கு உள்நோயாளிச் சிகிச்சைக்கு ரூ. 30,000, புறநோயாளிச் சிகிச்சைக்கு ரூ. 7,500, ஆக ரூ. 37,500 என்று இரண்டும் சேர்த்தே வகுக்கப்பட்டது. 2018 இல் அந்தப் பொதுத் திட்டம் ஆயுஷ்மான் பாரத்துடன் கலந்தபோது முப்பதாயிரம் ஐந்து லட்சமாயிற்று. ஏழாயிரத்து ஐந்நூறோ மறைந்தே போயிற்று. பெரிய தொகையின் ஒளியில் சிறிய தொகை காணாமற் போனதை எவரும் பெரிதாகப் பேசவில்லை. ஐந்து லட்சம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. இருதய அறுவைச் சிகிச்சைக்கு நிலத்தை விற்ற குடும்பங்களை நாம் அறிவோம். அந்தத் துயரத்தை இத்திட்டங்கள் பெருமளவு தடுத்துள்ளன. ஆயின் ஐந்து லட்சம் தேவைப்படுவோர் நூற்றில் சிலர். மாதம் ஐந்நூறு ரூபாய் மருந்து தேவைப்படுவோர் நம் முதியோரில் மிகப் பலர்.

அப்படியானால் புறநோயாளிக் காப்பீட்டைப் பணம் கொடுத்து வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம்; தனியார் நிறுவனங்கள் சில அதனை விற்கவும் செய்கின்றன. ஆனால் அது ஏன் முதியோர்க்குக் கட்டுப்படியாவதில்லை என்பதைக் கணக்கோடு புரிந்து கொள்ள வேண்டும். நூறு முதியவர்கள் என்று வைத்துக் கொள்வோம். அவர்களில் ஆண்டுக்கு ஐந்து பேர் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, ஒவ்வொருவருக்கும் ரூ. 60,000 செலவாகிறது எனக் கொண்டால், மொத்தம் மூன்று லட்சம். நூறு பேரும் ஆளுக்கு மூவாயிரம் கொடுத்தால் அந்த ஐவரின் அறுபதாயிரம் கிடைத்துவிடும். இது காப்பீடு, யாருக்கு வரும் என்று தெரியாத ஆபத்தைப் பலர் கூடிச் சுமப்பது. நம் கூட்டுறவுக் கொள்கையும் இதுவே. இப்போது அதே நூறு பேரும் மாதம் ஐந்நூறு, ஆண்டுக்கு ஆறாயிரம் மருந்துக்குச் செலவழிக்கிறார்கள் என்று கொள்வோம். மொத்தம் ஆறு லட்சம். இங்கே ஆபத்து எங்கே? செலவு எல்லார்க்கும் நிச்சயமாக வருகிறது. காப்பீட்டு நிறுவனம் ஆளுக்கு ஆறாயிரம் வசூலித்து, அதற்கு மேல் தன் ஆபீஸ் செலவு, ஏஜெண்டுக் கமிஷன், லாபம் என்று ஆயிரத்து ஐந்நூறு சேர்த்து ஏழாயிரத்து ஐந்நூறு கேட்கும். ஏழாயிரத்து ஐந்நூறு கொடுத்து ஆறாயிரம் வாங்குவது வியாபாரம் தெரிந்தவர் செய்யும் காரியமன்று. நம் பனைவெல்லத்தை விற்கும் அங்கத்தினர்க்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை.

ஆகவே முதியோர் மட்டும் கூடி நிற்கும் புறநோயாளிக் காப்பீடு ஒருபோதும் மலிவாக இராது. இளையோரும் முதியோரும் ஒன்றாக நிற்க வேண்டும். அல்லது அரசாங்கம் வரிப்பணத்தில் பங்கேற்க வேண்டும். அமெரிக்க நாட்டில் 1965 இல் முதியோர்க்கென ‘மெடிகேர்’ சட்டம் இயற்றியபோது ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு ஒரு பகுதி, டாக்டர், புறநோயாளிச் செலவுக்கு வேறொரு பகுதி என்று இரண்டாகவே பிரித்தார்கள். செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலும் இரண்டாவது பகுதிக்கு முதியவர் மாதச் சந்தா கட்ட வேண்டும். 2025 ஆம் ஆண்டில் அச்சந்தா 185 டாலர். அதன் பின்னும் ஆண்டின் முதல் 257 டாலர் அவர் கையிலிருந்தே போக வேண்டும். மேற்பட்ட செலவில் பொதுவாக ஐந்திலொரு பங்கும் அவருடையதே. இவ்வளவுக்கும் மேல் பெரும் பங்கை அரசாங்கம் பொதுப் பணத்திலிருந்து ஈடு செய்கிறது. புறநோயாளிச் செலவைத் தாங்குவது எங்கும் எளிதன்று என்பதற்காகவே இதனைக் கூறினோம்.

தனியார் காப்பீட்டுப் பத்திரம் எடுக்க விரும்பும் வசதியுள்ள அங்கத்தினர்க்கும் இரண்டொரு வார்த்தை. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்க்குப் பத்திரம் இல்லை என்ற பழைய தடை 2024 ஏப்ரல் முதல் நீங்கிவிட்டது. முன்பே இருந்த நோய்க்குக் காத்திருக்க வேண்டிய காலத்தின் உச்ச வரம்பும் நான்காண்டிலிருந்து மூன்றாண்டாகக் குறைக்கப்பட்டது. அறுபது வயதுக்கு மேற்பட்டோரின் பிரீமியத்தை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் உயர்த்துவதாயின் தன்னைக் கலந்தே செய்ய வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. தனிநபர் சுகாதாரக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. இவை நல்ல மாறுதல்களே. எனினும் சாதாரணப் பத்திரம் ஒன்றை எடுத்துப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன் முப்பது நாள், வெளிவந்த பின் அறுபது நாள் ஆகிய காலத்துப் புறச்செலவு மட்டுமே அதில் அடங்கும். பத்திரத்தில் “புறநோயாளி” என்ற சொல் எங்கே வருகிறது, அதற்கெதிரே என்ன தொகை எழுதியிருக்கிறது, அத்தொகையில் மருந்து சேருமா, டாக்டர் கட்டணம் மட்டுமா என்று மூன்றையும் கேட்டறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும். ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பிப் பயனில்லை.

நூற்பாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுப் பின்னர் நம்மிடையே வாழ்வோர் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு பெரிய உரிமையைக் கையில் வைத்துக்கொண்டே அறியாதிருக்கக் கூடும். 1948 ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்படி ஏற்பட்ட ஈ.எஸ்.ஐ. திட்டம், புறநோயாளிச் சிகிச்சையையும் மருந்தையும் முழுமையாகத் தருவது. குறைந்தது ஐந்தாண்டு அத்திட்டத்தில் இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு நூற்றிருபது ரூபாய் கட்டினால் தமக்கும் தம் மனைவிக்கும் மருத்துவ உதவியைத் தொடர்ந்து பெறலாம். மாதம் பத்து ரூபாய்! வீட்டுத் தறியில் நெய்யும் நம் அங்கத்தினர் அச்சட்டத்தின் கண்ணில் தொழிலாளியாகப் படவில்லை. அவரும் பாவு நூல் பெற்று, கூலிக்கு நெய்து, சங்கத்தில் துணியைக் கொடுத்துப் பிழைத்தவரே. மேற்கூரை ஆலையினுடையதா, சொந்த வீட்டினுடையதா என்ற ஒரே வேற்றுமைக்காக முதுமையில் இவ்வளவு பேதம் இருத்தல் தகுமா?

காப்பீடு இல்லாவிடினும் மருந்து கிடைக்கும் வழிகள் நம் மாநிலத்தில் உண்டு. இதனை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவது கௌரவக் குறைவு என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 இல் நிறுவப்பட்டு, மருந்துகளை மொத்தமாக வாங்கிப் பரிசோதித்து, ஆரம்ப சுகாதார நிலையம் வரை அனுப்பும் முறையை ஏற்படுத்தியது. பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய முறை இது. அழுத்தத்திற்கு அம்லோடிபினும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் அங்கே விலையின்றிக் கிடைப்பவை. கடையில் வாங்கும் மாத்திரையின் உறை பளபளப்பாக இருக்கலாம். உள்ளே இருக்கும் மருந்து அதுவே. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி, அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்க்கு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்க மகளிர் தன்னார்வலர் அமர்த்தப்பட்டனர். நடக்க இயலாதவர்க்கு உடற்பயிற்சிச் சிகிச்சையும் உண்டு. இதில் நம் முதியோர் எத்தனை பேர் பதிவு பெற்றிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு சங்கமும் தன் ஜாபிதாவை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். மூட்டு வலிக்கும் வாத நோய்க்கும் பாளையங்கோட்டையில் 1964 இல் ஏற்பட்ட அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. தைலத்தின் அருமையை நம் ஜில்லாக்காரர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுமா என்ன!

ஆயினும், இலவச மருந்து வாங்க அரை நாள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதும், சில நாட்களில் குறிப்பிட்ட மாத்திரை இல்லை என்று திருப்பி விடுவதும் அங்கத்தினர்கள் கூறும் குறைகள். குறை உண்மையே. அதற்காகவே இரண்டாவது வழியொன்று நமக்குத் தேவைப்படுகிறது. அது கூட்டுறவுத் துறையிலேயே இருக்கிறது. கூட்டுறவு மருந்தகங்கள் நெடுநாளாகத் தள்ளுபடி விலையில் மருந்து விற்று வருகின்றன. 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலமெங்கும் ஆயிரம் ‘முதல்வர் மருந்தகங்கள்’ திறக்கப்பட்டபோது அவற்றில் ஏறத்தாழப் பாதியைக் கூட்டுறவுச் சங்கங்களே ஏற்று நடத்த முன்வந்தன. வர்த்தகப் பெயரில்லாத மூலப்பெயர் மருந்துகளைக் குறைந்த விலைக்கு விற்பது அவற்றின் நோக்கம். உதாரணக் கணக்கில் நாம் மாத்திரைக்கு வைத்த அறுநூறு ரூபாய், இத்தகைய கடையில் வாங்கினால் பெரிதும் குறைந்துவிடும். ஆனால் டாக்டர் வர்த்தகப் பெயரையே எழுதிக் கொடுப்பாராயின், முதியவர் “மூலப்பெயரை எழுதித் தாருங்கள்” என்று கேட்க வேண்டும். தனியாகக் கேட்கத் தயங்குவார். சங்கம் ஓர் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து அனுப்பினால் துணிவு வரும்.

நம் சங்கங்கள் நேரடியாகச் செய்யக் கூடியது ஒன்றுண்டு. அதனை மகாசபையின் ஆலோசனைக்கு வைக்கிறோம். கர்நாடகத்தில் 2002 நவம்பரில் கூட்டுறவு அங்கத்தினர்க்காகவே ‘யசஸ்வினி’ என்ற திட்டம் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு ஜூன் முதல் செயற்பட்டது. ஆளுக்கு மாதம் ஐந்து ரூபாய், ஆண்டுக்கு அறுபது ரூபாய் சந்தா. முதலாண்டிலேயே பதினைந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். காப்பீட்டு நிறுவனம் எதுவும் நடுவில் இல்லை, அறநிலையம் ஒன்றே பணத்தை வைத்து நடத்தியது, அரசாங்கமும் உதவியது. அறுவைச் சிகிச்சையே அதன் முக்கிய பயன். எனினும் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் டாக்டரைப் புறநோயாளியாகப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. 2018 இல் அது மாநிலப் பொதுத் திட்டத்தில் கலக்கப்பட்டது. கூட்டுறவாளர் விடாது வேண்டியதன் பேரில் 2022 இல் மீண்டும் உயிர் பெற்றது. கலந்துவிட்ட திட்டத்தையும் மீட்க முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

சிறிய சங்கம் ஒன்று யசஸ்வினியைப் போலச் செய்ய இயலாது, செய்யவும் கூடாது. சந்தா வாங்கிக் கொண்டு இன்ன நோய்க்கு இன்ன தொகை தருவோம் என்று வாக்களிப்பது காப்பீட்டுத் தொழில். 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அதற்குப் பதிவு வேண்டும். நாம் சொல்வது வேறு. முதியோர் மருத்துவ உதவி நிதி என்று ஒன்றைத் துணை விதிகளுக்கு உட்பட்டு ஏற்படுத்தலாம். வாக்குறுதி இல்லை, இருப்பதைப் பகிர்ந்து கொடுத்தல் மட்டுமே. முந்நூறு அங்கத்தினர் உள்ள சங்கத்தில் ஆளுக்கு மாதம் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு ரூ. 36,000 சேரும். அவர்களில் தொண்ணூறு பேர் அறுபது வயது கடந்தவர் என்றால் ஆளுக்கு நானூறு ரூபாய் ஆகிறது. நானூறு ரூபாயில் ஓராண்டு மருந்து வாங்க முடியுமா? முடியாது. மாத்திரை அரசாங்க நிலையத்திலிருந்து வரட்டும். அந்த நானூறு, ஆண்டுக்கொரு கண் பரிசோதனைக்கும், கண்ணாடியில் ஒரு பகுதிக்கும், ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் கட்டணத்திற்கும் ஆகட்டும். லாபத்தில் பொதுநன்மைக்கென ஒதுக்கும் பகுதியிலிருந்து அனுமதி பெற்று ஒரு தொகை சேருமானால் நானூறு அறுநூறாகலாம்.

இளைய அங்கத்தினர் சிலர் இதனை விரும்பமாட்டார்கள் என்பதை நாம் அறிவோம். “எங்கள் கூலியே போதவில்லை, இதில் கிழவர்களுக்கு வேறா?” என்பார்கள். அவர்கள் கேட்பதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பத்து ரூபாய் ஒரு டீயின் விலைதான் என்று சொல்லி அவர்கள் வாயை அடைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் தந்தையின் மருந்துச் செலவை இன்று கொடுப்பவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அந்த இளைஞரே. தனியாகச் சுமப்பதைப் பொதுவில் சுமப்பதுதான் யோசனை. வேண்டுமாயின் முதலாண்டு விருப்பமுள்ளோர் மட்டும் சேரலாம். கணக்கை நோட்டீஸ் போர்டில் மாதந்தோறும் ஒட்ட வேண்டும்.

இதனோடு நின்றுவிடாமல், அரசாங்கத்தை நோக்கி எழுப்ப வேண்டிய கோரிக்கையும் உண்டு. 2005 முதல் நெசவாளர்க்கு இருந்து மறைந்த புறநோயாளி வரம்பை மீட்டுத் தர வேண்டும். இம்முறை பனைத்தொழிலாளரும் சிறு விவசாயிகளும் அதில் சேர்க்கப்பட வேண்டும். ரூ. 7,500 என்பது பழைய தொகை. விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பட வேண்டும். ரொக்கமாகத் தர வேண்டியதில்லை. கூட்டுறவு மருந்தகத்தில் மருந்தாகவும், மூக்குக் கண்ணாடியாகவும் தரலாம். ரசீதைத் தபாலில் அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கும் தொல்லையும் அப்போது இராது. ஒவ்வொரு சங்கமும் மகாசபையில் இத்தீர்மானத்தை நிறைவேற்றி, கைத்தறித் துறைக்கும் கூட்டுறவுத் துறைக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் தனித்தனியே பிரதி அனுப்புமாறு கேட்டுக் கொள்கிறோம். ஒரு துறைக்கு மட்டும் அனுப்பினால், அது மற்றத் துறையின் விஷயம் என்று பதில் வரும்; அனுபவத்தில் கண்டது.

தீர்மானத்திற்கு விடை வரும் வரையில் காரியதரிசிகள் செய்ய வேண்டிய சிறு வேலை ஒன்று இருக்கிறது. முதியவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா, மகன் தனிக் கார்டு வாங்கியபோது விடுபட்டுவிட்டதா என்று பார்க்க வேண்டும். கார்டில் பெயரில்லாதவர்க்குக் காப்பீட்டிலும் பெயரில்லை. வருமானச் சான்றிதழைக் கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்று, 2022 இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது வகுத்த ரூ. 1,20,000 வரம்புக்குள் உள்ளவர்களைக் கலெக்டர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்திற்கு ஒரே நாளில் கூட்டாக அழைத்துச் செல்லலாம். வான் வாடகையைச் சங்கம் ஏற்றால் போதும். ஐப்பசி மழை தொடங்குமுன் இவ்வேலையை முடித்துக் கொள்வது நல்லது. தேரிப் பாதையில் மழைக்காலத்தில் முதியோரை ஏற்றி இறக்குவது சிரமம்.